மிடியும் ஒரு தாலாட்டும்



இரண்டு வாரமாக ஆளைக் காணோமே, உடம்புக்கு என்ன என்று சிலர் போனில் கேட்டீர்கள். ஒன்றுமில்லை, பேரனிடம் பாடம் படித்துக்கொண்டிருந்தேன்.

மகளுக்கு ஓர் ஆசை. அவள் அம்மா பாடிய தாலாட்டு வேண்டுமாம். உங்கள் டீச்சரம்மா போய் மூன்று வருடமாகிறது. வீட்டில் விசேஷ வீடியோக்கள் எத்தனையோ இருக்கின்றன. அவள் பாடியது ஒன்றில்கூட இல்லை. மெட்டு என் தலைக்குள் மட்டும்தான். ஆர்மோனியத்தில் வாசிக்கலாமென்றால் அது பழுதாகிப் பரணில் கிடக்கிறது.

லீவுக்கு வந்த பேரன் லேப்டாப்பில் ஒரு சின்ன கீபோர்டைச் செருகினான். "இதில் சத்தம் எங்கேயிருந்து வரும்?" என்றேன். "இதில் சத்தமே கிடையாது தாத்தா" என்றான்.

உண்மைதான். எந்தக் கட்டை, எவ்வளவு வேகமாக அழுத்தினோம், எப்போது விட்டோம் என்ற குறிப்பை மட்டும்தான் அது அனுப்புகிறது. கட்டைகளுக்கு 0 முதல் 127 வரை எண்கள். நடு ஸி 60. 1983-ல் வந்த இந்த முறைக்கு மிடி என்று பெயர். அந்தக் குறிப்பைப் படித்து ஓசையாக்குவது லேப்டாப்பில் இருக்கும் பிளகின். நான் சொன்ன ஒரே டிக்டேஷனை நீங்கள் நாற்பது பேர் நாற்பது கையெழுத்தில் எழுதினீர்களே, அப்படித்தான். ஒரே வாசிப்பு பியானோவாகவும் வரும், புல்லாங்குழலாகவும் வரும்.

முதலில் கட்டையை அழுத்தினால் ஓசை பிந்தி வந்தது. பஃபர் 1024 என்று இருந்தது. நொடிக்கு 44,100 சாம்பிள். வகுத்துப் பார்த்தேன், அது மட்டுமே 23 மில்லி செகண்ட். 128 ஆகக் குறைத்ததும் விரலோடு ஓசை வந்தது. ஆர்மோனியம் பிளகினில் இன்னொரு சங்கடம். கட்டையை ஓங்கி அழுத்தினால் சத்தம் கூடியது. நிஜ ஆர்மோனியத்தில் அது துருத்தியின் வேலை அல்லவா? பேரன் அதை மாற்றி, சத்தத்தைக் கீபோர்டின் ஓரச் சக்கரத்தில் வைத்தான். இடது கைக்குத் துருத்தி கிடைத்துவிட்டது.

வாசித்து முடித்தேன். மூட்டுவலி விரல் ஓரிடத்தில் பக்கத்துக் கட்டையைத் தொட்டிருந்தது. பேரன் அந்தச் சுரத்தை மட்டும் மவுசால் நகர்த்திச் சரிசெய்தான். மறுபடி வாசிக்கவே தேவையில்லை. பிறகு 'குவான்டைஸ்' என்று எதையோ தட்டினான். எல்லாச் சுரங்களும் தாளத்தில் கச்சிதமாகப் போய் உட்கார்ந்தன.

கேட்டேன். பாட்டு சரியாக இருந்தது, ஆனால் அது அவளுடையதாக இல்லை. கடைசி வரிக்கு முன்னால் குழந்தை கண்ணை மூடியதா என்று பார்க்க அவள் ஒரு கணம் தயங்குவாள். எனக்கே தெரியாமல் என் விரலும் அங்கே தயங்கியிருக்கிறது. அரை நொடிகூட இருக்காது. அதைத்தான் கம்ப்யூட்டர் பிழையென்று திருத்திவிட்டது.

"பழையபடி வைத்துவிடு கண்ணா" என்றேன். வைத்துவிட்டான். முப்பத்து மூன்று வருடம் சிவப்பு மை வைத்துத் திருத்தியவன் கேட்டு வாங்கிய பிழை அது.

மகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். போனில் பேசினாள். "அந்த இடத்தில் நிறுத்தியிருக்கீங்களேப்பா" என்றாள். அதற்குமேல் அவளாலும் பேச முடியவில்லை, என்னாலும் முடியவில்லை.

மெட்டு கிடைத்துவிட்டது. அவள் குரலைத் தர எந்தப் பிளகினாலும் முடியாது. உங்கள் வீட்டில் பாடுகிற அம்மா, பாட்டி இருந்தால் இன்றைக்கே போனில் பதிந்து வையுங்கள், பிள்ளைகளே. சுருதி விலகினாலும் பரவாயில்லை.

அன்புடன்,
உங்கள் சார்