காகிதம் கேட்கும் வாய்

மழை விட்டிருந்த காலை. தெற்கு நெதர்லாந்தில் காட்ஸ்ஹூவெல் என்ற சிற்றூரை ஒட்டிய எஃப்டலிங் பூங்காவில், தேவதைக் கதைக் காட்டுக்குள் போய்க்கொண்டிருந்தேன். வழியோரக் காளான் ஒன்றில் நாலைந்து பிள்ளைகள் காதை ஒட்டிக் குந்தியிருந்தார்கள். நானும் குனிந்து காதை வைத்தேன். உள்ளே சன்னமாக இசை கேட்டது.

அப்போதுதான் மரங்களுக்குப் பின்னாலிருந்து அந்தக் குரல். "பாபீர் ஹீர்!" காகிதம் இங்கே, என்று கெஞ்சுகிற குரல்.

ஹோலெ போலெ கைஸ். எவ்வளவு தின்றாலும் வயிறு நிறையாத ஒருவனைப் பற்றி டச்சுக் குழந்தைகளுக்கு ஒரு பழம்பாட்டு உண்டு. அவனைத்தான் 1950களின் கடைசியில் இங்கே குப்பைத்தொட்டியாக உட்கார வைத்தார்கள். குண்டு உடம்பு, அகலத் திறந்த வாய். காகிதத்தை நீட்டினால் காற்று வெடுக்கென்று உள்ளே இழுத்துக்கொள்ளும். உடனே "டாங்க் யூ வெல்" என்று நன்றி சொல்வான்.

ஒரு மணி நேரம் அங்கேயே நின்றேன். நான்கு வயதுப் பெண் ஒருத்தி அம்மாவின் இடுப்பில் இருந்தபடி மிட்டாய்த் தாளை நீட்டினாள். தாள் பறந்ததும் கையை வெடுக்கென்று இழுத்து, விரல்கள் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டாள். அடுத்த நிமிடம் கீழே இறங்கி, யாரோ போட்டுவிட்டுப் போன தாளைத் தேடி ஓடினாள். குப்பை போடாதே என்று அவளிடம் ஒருவரும் சொல்லவில்லை. நம்மூர்ப் பூங்காக்களிலும் பென்குவின், முயல் வடிவக் குப்பைத்தொட்டிகள் வாயைத் திறந்துகொண்டு நிற்கின்றன. போட்டால் பதில் சொல்வதில்லை. பிள்ளைகளும் திரும்பி வருவதில்லை.

பராமரிப்புப் பணியாளர் ஒருவர் அங்கே வந்தார். தினமும் காலையில் தானே ஒரு செய்தித்தாள் துண்டைக் கொடுத்துப் பார்ப்பாராம். "காற்று இழுத்து, குரல் கொஞ்சம் தாமதித்தாலும் பிள்ளைகளின் முகம் வாடிவிடும். எனக்கு அதுதான் முதல் வேலை" என்றார்.

இந்தக் காடு 1952இல் பத்துக் கதைகளோடு திறந்தது. ஓவியர் அன்டன் பீக் உருவங்களை வரைந்தார். திரைப்படக்காரரும் கருவிப் பித்தருமான பீட்டர் ரெய்ண்டர்ஸ் அவற்றுக்கு அசைவு கொடுத்தார். அட்டையும் சாந்தும் வைத்து ஏமாற்றக் கூடாது, நிஜச் செங்கல்லும் ஓடும் வேண்டும் என்பது பீக்கின் பிடிவாதம். இதே காட்டில் நிற்கும் நெட்டைக் கழுத்தன் லாங்நெக் கழுத்தை உயர்த்த, அண்ணாந்து பார்க்கும் பிள்ளைகளின் கழுத்தும் கூடவே நீள்வதை அன்று கண்டேன்.

இதே வித்தை வேறிடத்திலும் உண்டு. அமெரிக்காவின் ஆர்லாண்டோவில் ஒரு கேளிக்கைப் பூங்காவில் 2014இல் திறந்த மந்திரவாதிகளின் கடைத்தெரு டயகான் ஆலியில், குழந்தை சுழற்றும் மந்திரக்கோலின் நுனியை அகச்சிவப்புக் கேமரா கவனிக்கிறது. கடைச் சன்னலில் பொருள்கள் அசைகின்றன. கருவி புதிது. நீ செய்தது எனக்குத் தெரிந்தது என்று எதிரிலிருப்பது சொல்ல வேண்டும், அவ்வளவுதான் இரண்டிலும் நடப்பது. எனக்குக் கைஸைத்தான் கூடுதலாகப் பிடித்திருக்கிறது; அவனிடம் போகக் காசு கொடுத்துக் கோல் வாங்க வேண்டியதில்லை.

கிளம்பும்போது எழுபது வயது மதிக்கத்தக்க பாட்டி ஒருவர் பேரனோடு வந்தார். பையன் பயந்து பின்வாங்கினான். பாட்டி கைப்பையில் துழாவி ஒரு ரசீதை எடுத்துச் சுருட்டி, தானே வாய்க்குள் நீட்டினார். நன்றி சொன்னவனுக்குத் தலையாட்டிவிட்டு, இன்னொரு ரசீதைப் பேரனிடம் கொடுத்தார்.