நேர்த்தியான கேஸ் ஷீட்

பிரசவ வார்டில் ஒரு தாய் இறந்துபோன பிறகு என் மேஜைக்கு வரும் கேஸ் ஷீட், ஒரே மையில், ஒரே கையெழுத்தில், கால் மணிக்கொரு முறை நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் பிசகின்றிக் குறிக்கப்பட்டு நேர்த்தியாக இருக்குமாயின், சர்க்கார் ஆஸ்பத்திரி நிர்வாகத்திலேயே தலை நரைத்த எனக்கு முதலில் உண்டாவது திருப்தியன்று, சந்தேகமே. ரத்தம் நில்லாமல் போய்க்கொண்டிருந்த அறையில் அப்படி எழுத யாருக்குக் கை ஒழிந்திருக்கும்?

தாய் மரணங்களை ஆதியோடந்தமாக ஆராயும் வழக்கம் தமிழ்நாட்டில் 1994-இல் தொடங்கி, பிற்பாடு கலெக்டரே கேட்டறியும் அளவுக்கு வேரூன்றியது. லட்சம் உயிர்ப் பிறப்புகளுக்கு 2001-03-இல் 134 ஆக இருந்த தாய் மரண விகிதம் 2018-20-இல் 54 ஆக இறங்கியதற்கு ரத்த வங்கி, 108 ஆம்புலன்ஸ் என்று காரணங்கள் பல உண்டாயினும், இந்த ஆராய்ச்சிக்கும் அதில் பங்குண்டு என்பது என் அபிப்பிராயம். ஆனால், குற்றவாளியைத் தேடுவது நோக்கமல்ல என்று கூட்டத்தில் எத்தனை முறை சொன்னாலும், ஒழுங்கு நடவடிக்கை விதியின்படி 17(ஏ) வருமோ, 17(பி) வருமோ என்ற கலக்கத்தோடு உட்கார்ந்திருக்கும் சிஸ்டர், ரத்தப்போக்கு எப்போது ஆரம்பித்தது என்ற கேள்விக்கு, நடந்ததைச் சொல்வாரா, நடந்திருக்க வேண்டியதைச் சொல்வாரா?

அமெரிக்காவில் ஏமி எட்மண்ட்சன் என்ற ஆராய்ச்சியாளர் 1990-களில் ஆஸ்பத்திரி வார்டுகளில் மருந்துத் தவறுகளை எண்ணப் போய், நல்ல தலைமையும் ஒற்றுமையும் வாய்ந்த இடங்களிலேயே தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருக்கக் கண்டு திகைத்தாராம். அங்கே வாய் திறக்கும் தைரியம் இருந்ததே காரணம் என்பது பின்னர்தான் விளங்கிற்று. (நம் வார்டு ஆயாவைக் கேட்டிருந்தால் அப்போதே சொல்லியிருப்பாள்.)

ஆகவே, அந்தத் தைரியம் இங்கேயும் பிறக்கட்டும் என்று, கேஸ் ஷீட்டுடன் அந்த வாரத்து டூட்டி சார்ட்டையும் மேஜைமேல் விரிக்க வேண்டும் என்பதை நான் ஒரு நியமமாகவே வைத்துக்கொண்டேன். தொடர்ந்து எத்தனையாவது நைட், லீவு கேட்டு மறுக்கப்பட்டதா, அன்றிரவு சாப்பிட்டீர்களா என்று விசாரிக்கத் தொடங்கியதும் பேச்சின் கதியே மாறிவிடும். அப்படியொரு கூட்டத்தில், வயதில் மிக இளையவரான ஒரு சிஸ்டர், ஆள் கிடைக்காமல் ரத்த வங்கிக்குத் தானே ஓடியதையும், திரும்பி வரும்வரை அந்தத் தாயின் படுக்கையருகே யாரும் இல்லாததையும் வெளியிட்டார். கேஸ் ஷீட்டில் அந்த இடைவெளியிலும் நாடி எழுதப்பட்டிருந்தது.

அவருக்கு மெமோ கொடுக்கவில்லை. இரவில் ரத்த வங்கிக்கென்றே ஓர் ஊழியரை ஒதுக்கினோம்; நைட் முடித்தவர்களைக் காலைக் கூட்டத்துக்கு நிறுத்திவைப்பதையும் விட்டோம். ஊழியர் க்ஷேமத்துக்காக யோகா வகுப்பு நடத்தும்படி அதே மாதம் வந்த சுற்றறிக்கையைக் கோப்பில் சேர்த்துவிட்டோம்.