உட்காரு என்று சொல்லிவிட்டேன்



புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமப் பள்ளி, ஐந்தாம் வகுப்பு. பனிக்கட்டி சூடானால் நீர், நீர் சூடானால் ஆவி என்று நடத்திக்கொண்டிருந்தேன். "ஆவியையும் சூடாக்கிக்கிட்டே போனா என்ன சார் ஆகும்?" என்றான் ஒரு பையன். எனக்குத் தெரியவில்லை. "புத்தகத்தில் இல்லாததைக் கேட்காதே, உட்காரு" என்றேன். அதன்பின் அவன் கேள்வியே கேட்கவில்லை.

ஓய்வுபெற்ற பிறகுதான் படித்தேன். சூடு ஏற ஏற அணு உடையும். கடைசியில் அணுக்கருவே உருகி, குவார்க்கும் குளுவானும் கலந்த குழம்பாகும். அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் தங்க அணுக்கருக்களை ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் மோதவிட்டார்கள். வாயு போலச் சிதறும் என்றுதான் எதிர்பார்த்தார்கள். திரவம் போலக் கூடி ஓடியது என்று 2005இல் அறிவித்தார்கள்.

எப்படிக் கண்டார்கள்? நேருக்கு நேராக இல்லாமல் சற்று விலகி மோதினால், இரண்டும் கவிந்த இடம் பாதாம் பருப்பு வடிவில் இருக்கும். துகள்கள் தனித்தனியாகச் சிதறினால் எல்லாத் திசையிலும் சமமாகப் போகும். ஆனால் பருப்பின் ஒடுங்கிய பக்கமாகவே அதிகம் பாய்ந்தன. அங்கேதான் அழுத்தம் சட்டென்று குறைகிறது. ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு போனால்தான் அப்படி நடக்கும். 2010இல் ஜெனீவா அருகே செர்னிலும் ஈய அணுக்கருக்களில் இதையே கண்டார்கள். இரண்டு இடத்திலும் கொல்கத்தா விஞ்ஞானிகள் முன்னின்று செய்த உணர்கருவி ஒன்று இருந்தது.

தம்பி, இந்தப் பதிவு உன் கண்ணில் பட்டால், இதுதான் பதில். தாமதத்துக்கு மன்னித்துக்கொள். அன்று நான் உன்னை உட்காரச் சொல்லியிருக்கக் கூடாது.