சிறப்புத் தொழிலுக்குப் படிகள் எத்தனை?

பெங்களூரில் குடியேறி வாழும் நம்மவர் இல்லங்கள் சிலவற்றில், ஞாயிறு பிற்பகலில் ஒரு புதுவகை விளையாட்டு நடைபெறுவதை அன்பர்கள் கண்டிருக்கலாம். இளைஞர் ஐவரோ அறுவரோ மேசையைச் சூழ்ந்து அமர்கின்றனர். ஒருவர் கதையை நடத்துகிறார். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரம் தாங்குகின்றனர். இருபது முகங்கொண்ட பகடை, வென்றதையும் தோற்றதையும் கூறுகிறது. தமிழும் கன்னடமும் ஆங்கிலமும் கலந்து எழும் அந்த ஆரவாரத்தை வீண் அரட்டை என்று பெரியோர் ஒதுக்குவதுண்டு. நாம் அவ்வாறு ஒதுக்குவதற்கில்லை. புதிய ஊரில் நண்பரில்லாத பிள்ளைகளுக்கு அம்மேசையே திண்ணையாக அமைந்துவிடுகிறது.

இவ்வகை விளையாட்டுகளுள் மூத்தது டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ். 1974-ஆம் ஆண்டு அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் இதனை உருவாக்கி வெளியிட்டனர். பாத்திரம் ஒவ்வொன்றுக்கும் போர்வீரன், மந்திரவாதி, திருடன் என ஒரு தொழில் உண்டு. அனுபவம் சேரச் சேரப் பாத்திரம் படி ஏறும். 2000-இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பு இருபது படிகளை வகுத்து, இடையிலே புகத்தக்க சிறப்புத் தொழில்களையும் சேர்த்தது. பொதுத் தொழிலில் ஐந்தாறு படி ஏறித் தகுதி பெற்றவனே அவற்றுள் நுழையலாம். அம்பிலே மந்திரம் ஏற்றுபவன், நிழலில் மறைந்து உலவுபவன் என்று முதலில் தந்தவை ஆறு. ஆறுக்கும் பத்துப் படிகளே. 2003-இல் திருத்திய பதிப்பிலோ, பேராற்றல் மந்திரவாதி போன்ற சிலவற்றுக்கு ஐந்து படிகள் போதும் என்றனர். பத்தா, ஐந்தா? நம் வீட்டு மேசையில் ஓயாத வழக்கு இதுதான்.

கணக்கிட்டுப் பார்ப்போம். அப்பதிப்பின் முறைப்படி, நிகரான வலிமையுள்ள எதிரிகளோடு ஏறத்தாழ 13 மோதல்கள் முடிந்தால் ஒரு படி ஏறலாம். ஓர் அமர்வில் நான்கு மோதல் நடக்குமென்றும், இரு வாரத்துக்கொரு முறை கூடுவரென்றும் கொள்வோம். ஐந்தாம் படிக்குப்பின் சிறப்புத் தொழிலில் புகுந்தவன் அதன் பத்தாம் படியைக் காண 46 அமர்வுகள் வேண்டும். அஃதாவது ஏறக்குறைய ஒன்றே முக்கால் ஆண்டு. இந்நகரில் நாம் எழுதிக்கொள்ளும் வாடகை ஒப்பந்தமோ பெரும்பாலும் 11 மாதம்! அதற்குள் அவன் சிறப்புத் தொழிலின் மூன்றாம் படியில்தான் நிற்பான். பிறகு தந்தைக்கு மாற்றல் வரும், அல்லது அவனுக்கே புனேயிலோ ஐதராபாத்திலோ வேலை கிடைக்கும். பாத்திரத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போன பிள்ளைகளை நாம் அறிவோம். ஐந்து படியாயின் 30 அமர்வுகளில் உச்சியைக் காணலாம். ஒப்பந்தத்தை ஒரு முறை புதுப்பித்தால் போதும்.

மைசூரை ஆண்ட மும்மடி கிருஷ்ணராஜ உடையார் (1794–1868) சீட்டாட்டத்தில் பெரும் பற்றுடையவர். தசாவதார கஞ்சீபாவில் 120 சீட்டுகள். அவர் வகுத்த ஆட்டங்களுள் மிகப் பெரியதற்கோ 360 சீட்டுகள்! அரண்மனைக்கு அவகாசம் உண்டு. வாடகை வீட்டுக்கு ஏது? ஆயினும் கஞ்சீபாவின் பழைய அமைப்பு நமக்குப் பிடிக்கிறது. ஒவ்வொரு நிறத்திலும் எண்சீட்டுகள் பத்து. அவற்றின்மேல் மந்திரி, அரசன் என இரண்டே சிறப்புச் சீட்டுகள். சிறப்பு என்பது எண்ணிக்கையில் குறைந்திருப்பதால்தானே சிறப்பு?

பத்துப் படிக்காக வாதிடுவோர் கூறுவதிலும் பொருள் உண்டு. படிகள் குறைந்தால், முதற்படியின் பயனை மட்டும் பறித்துக்கொண்டு வேறொரு தொழிலுக்குத் தாவுவர் என்கின்றனர். தாவுவோர் பத்துப் படியிலும் தாவத்தான் செய்தனர். தலையாய ஆற்றலை முதற்படியில் வைத்தவர்மீதன்றோ குற்றம்? அதனைக் கடைசிப் படியில் வைத்தால் தாவுபவன் வெறுங்கையோடு போவான். மேலும், பத்துப் படியை நிரப்ப முனைகையில் சில படிகளில் எண் மட்டும் கூடி, புதிதாய் ஒன்றும் வாராமற் போகிறது. இரு மாதம் காத்திருந்தவனுக்கு அது பெருந்துயரம்.

2008-இன் நான்காம் பதிப்பு 30 படிகளை மூன்று பத்துகளாக்கி, நடுப்பத்தைச் சிறப்புக்கு ஒதுக்கியது. 2014-இன் ஐந்தாம் பதிப்பு தனிப்படிகளையே விட்டுவிட்டுச் சிறப்பினைப் பொதுத் தொழிலுக்குள் உட்பிரிவாகப் பொதிந்தது. அதில் போர்வீரன் 3, 7, 10, 15, 18 ஆகிய படிகளில் சிறப்பாற்றல் பெறுகிறான். எண்ணிப் பாருங்கள், ஐந்துதான்!

நம் வீட்டு இளைஞர் இப்போது சிலம்ப ஆசான் என்றொரு சிறப்புத் தொழிலைத் தாமே வகுத்து வருகின்றனர். ஐந்து படி என்று முடிவாயிற்று. முதற்படியில் காலடி வரிசை, இரண்டில் ஒற்றைக்கம்பு, மூன்றில் இரட்டைக்கம்பு, ஐந்தில் சுருள்வாள். நான்காம் படியில் மான்கொம்பா, சீடனுக்குப் பயிற்றும் ஆற்றலா என்பதில் மட்டும் இருவர் இன்னும் இசையவில்லை.