ஆறு தூண்களா, எட்டா?

சென்ற ஆண்டு பேகம்பேட்டிலிருந்து மாணவர்களைக் கோல்கொண்டாவை அடுத்துள்ள குதுப் ஷாகி மன்னர்களின் கல்லறை மாடங்களுக்கு அழைத்துச் சென்றேன். ஹைதராபாத்தை 1591ஆம் ஆண்டில் நிறுவிய முகமது குலி குதுப் ஷாவின் மாடமும் அங்கேதான் உள்ளது. 106 ஏக்கர் பரப்புள்ள அவ்வளாகத்தைச் சீரமைக்கும் பணியை 2013ஆம் ஆண்டில் ஆகா கான் பண்பாட்டு அறக்கட்டளை, மாநிலத் தொல்லியல் துறையோடு இணைந்து மேற்கொண்டது. அப்பணிக்காகக் கட்டடங்களை லேசர் கருவியால் அளந்து பதிவு செய்தனர்.

முக்காலியின்மேல் நிற்கும் அக்கருவி சுழன்றவாறே ஒளிக்கற்றையை வீசும். சுவரில் பட்டுத் திரும்பும் ஒளியைக் கொண்டு தொலைவைக் கணக்கிட்டு, ஒவ்வோர் இடத்தையும் ஒரு புள்ளியாகக் குறித்துக்கொள்ளும். ஓரிடத்தில் நின்று பார்த்தால் தூணின் பின்புறம் தெரியாதல்லவா? ஆகவே கருவியைப் பல இடங்களில் நிறுத்தி அளந்து, கோடிக்கணக்கான புள்ளிகளைக் கணினியில் ஒன்றிணைப்பர். குவிமாடத்தின் வளைவும், காரை பெயர்ந்த பள்ளமும் உள்ளபடியே அதில் தெரியும்.

இதை மாணவர்க்கு விளக்கிக்கொண்டிருந்தபோது என் மனம் கும்பகோணத்தை அடுத்த எங்கள் சிற்றூருக்குப் போய்விட்டது. அங்கே தாத்தா கட்டிய வீடு இருந்தது. திண்ணை, கூடம், நடுவே வானம் பார்த்த முற்றம். கூடத்துத் தூண் ஒன்றில் பாட்டி ஆண்டுதோறும் எங்கள் உயரத்தைக் கரியால் குறித்து வைப்பார். பங்கு பிரித்தபோது அவ்வீட்டை இடித்தனர். நான் அப்போது பணி நிமித்தமாக வடக்கே இருந்தேன். முற்றத்தைச் சுற்றி ஆறு தூண்கள் என்கிறேன் நான். எட்டு என்கிறார் அண்ணன். அம்மாவோ, "தூணை யார் எண்ணிப் பார்த்தார்கள்?" என்கிறார். எஞ்சியிருப்பது ஒரு திருமணப் படம். அதிலும் மாப்பிள்ளையின் தலைப்பாகை தூணை மறைக்கிறது.

இவ்வாண்டு பெரியப்பாவின் வீட்டையும் இடிக்கப்போவதாகச் செய்தி வந்தது. கோடை விடுமுறையில் நானும் அண்ணனும் கைப்பேசியோடு அங்கே சென்றோம். லேசர் கருவி இல்லாவிடினும், ஒன்றன் பகுதி மற்றொன்றிலும் தெரியுமாறு பல கோணங்களில் எடுத்த படங்களைக் கொண்டே கணினி முப்பரிமாண மாதிரியை உருவாக்கும். சரியான அளவு வேண்டுமெனில் ஒரு நீளத்தையேனும் நாடாவால் அளந்து கொடுக்க வேண்டும். நாங்கள் வாசற்படியை அளந்தோம். ஏறக்குறைய 300 படங்கள். மாலையில் திண்ணையும் முற்றமும் திரையில் எழுந்து நின்றன. இருட்டாக இருந்த அடுக்களை மட்டும் சரியாக உருவாகவில்லை. அங்கே வெறும் ஓட்டைதான் தெரிந்தது.

பெரியம்மா மூக்குக்கண்ணாடியை அணிந்துகொண்டு திரையை நெடுநேரம் பார்த்தார். "நான் நின்ற இடத்தை விட்டுவிட்டீர்களே!" என்றார்.

மறுநாள் காலையில் இரண்டு விளக்குகளோடு மீண்டும் சென்றோம்.