காசின் விலையும் கதையின் விலையும்

பொன்னுக்கு மாற்று உண்டு; எடை உண்டு. கதைக்கு இவ்விரண்டும் இல்லை. ஆயினும் பொன்னோடு கதைக்கும் சேர்த்து விலை கேட்கும் ஓரிடத்தில் சென்ற ஆண்டு நானும் என் மகனும் நிற்க நேர்ந்தது. ஊரை விட்டு வந்து வாழும் நம் குடும்பங்கள் பலவற்றிற்கும் இத்தகைய நேரம் வரக்கூடும் என்பதால், அன்று நிகழ்ந்ததை இம்மலரில் எழுத முற்பட்டேன்.

என் பேத்திக்குத் திருமணம் உறுதியாகியிருந்தது. அவள் பிறந்ததும் படித்ததும் இந்த மும்பை மாநகரில். மணமான பின் கணவருடன் சிங்கப்பூர் செல்ல இருந்தாள். நகைகள் முறைப்படி செய்தாயிற்று. எனினும் என் மகனுக்கு ஓர் ஆசை. "அப்பா, நகை எல்லாரும் போடுவதுதான். வரலாறு உள்ள பொற்காசு ஒன்று கொடுத்தால் தலைமுறைக்கும் நிற்கும்" என்றான். ஜவேரி பஜாரை அடுத்த சந்து ஒன்றில் பழங்காசு வணிகம் செய்யும் முதியவர் ஒருவரிடம் என்னை அழைத்துச் சென்றான்.

முதியவர் எடுத்து வைத்தது 1918ஆம் ஆண்டுச் சவரன் ஒன்று. ஒரு புறம் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலை. மறுபுறம் குதிரைமீதமர்ந்து பறவைநாகத்தை வதைக்கும் புனித ஜார்ஜ். தேய்மானமே இல்லாமல் பளபளத்தது. உடன் ஓர் உறையில் பழுப்பேறிய தாள். இக்காசு ஒரு சமஸ்தானத்தின் கருவூலத்திலிருந்து வந்தது என்று அதில் எழுதியிருந்தது. உள்ளிருக்கும் பொன்னின் மதிப்பைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு விலை சொன்னார்.

நாம் நாள்தோறும் வழங்கும் 'சவரன்', 'பவுன்' என்னும் சொற்களே இந்தக் காசிலிருந்து பிறந்தவை. நகைக்கடையில் சவரன் என்றால் இன்று 8 கிராம். மூலக்காசின் எடை 7.988 கிராம், 22 காரட் ஆகையால் அதிலுள்ள தூய பொன் 7.32 கிராம். 1899ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு சவரனை 15 ரூபாய்க்கு ஈடாக இந்நாட்டில் செல்லுபடியாக்கியது. முதல் உலகப் போர்க்காலத்தில் இங்கிலாந்து அரச நாணயச் சாலையின் கிளையொன்று மும்பை நாணயச் சாலையிலேயே அமைந்தது. 1918ஆம் ஆண்டில் அங்கு 12 இலட்சத்து 95 ஆயிரத்துக்கு மேற்பட்ட சவரன்கள் அச்சாயின. அடுத்த ஆண்டே அக்கிளை மூடப்பட்டது. மும்பையில் அச்சான சவரனுக்கு ஓர் அடையாளம் உண்டு. ஆண்டு எண்ணுக்குச் சற்று மேலே, நிலத்தைக் குறிக்கும் பகுதியின் நடுவில், ஊசிமுனை அளவில் 'ஐ' என்னும் ஆங்கில எழுத்து இருக்கும். முதியவர் காட்டிய காசில் அது தெளிவாக இருந்தது.

பழங்காசின் விலை என்பது ஒன்றன்று, மூன்று. முதலாவது பொன்னின் விலை. அதைத் தராசு சொல்லிவிடும். இரண்டாவது அருமையின் விலை. எத்தனை அச்சாயின, எவ்வளவு தேய்ந்துள்ளது, எந்தச் சாலையின் அடையாளம் என்பவற்றை உருப்பெருக்கிக் கண்ணாடியும் நாணயப் பட்டியல் நூல்களும் சொல்லும். இங்கும் விழிப்பு வேண்டும். நல்ல பொன்னிலேயே போலிச் சவரன் அடித்தவர்கள் உண்டு. 1950களிலும் 60களிலும் லெபனான் நாடு அதற்குப் பெயர் பெற்றிருந்தது. மூன்றாவது, யார் கையில் இருந்தது என்னும் கதையின் விலை. அதைக் காசு சொல்லாது. தாள்தான் சொல்ல வேண்டும்.

பல இலட்சம் காசுகள் ஒன்றுபோல அச்சாகியிருக்க, இந்தத் தாள் இந்தக் காசைத்தான் சொல்கிறது என்பதற்கு என்ன ஆதாரம்? காசின் கீறல்கள் தெரியும் படமோ, எடைக் குறிப்போ, பழைய ஏலப் பட்டியலில் இடம்பெற்ற பதிவோ இருந்தால் அது சான்று. அத்தாளில் அவற்றுள் ஒன்றும் இல்லை. தயங்கித்தான் கேட்டேன். முதியவர் சினக்கவில்லை. "நம்பிக்கைதான், பாபுஜி" என்றார். நாளை நாங்களே திருப்பிக் கொண்டுவந்தால் இதே விலைக்கு எடுத்துக்கொள்வீர்களா என்றும் கேட்டேன். பொன்னின் விலைக்கும், மும்பை அடையாளத்திற்காகச் சிறிது கூடவும் எடுத்துக்கொள்வேன் என்றார். அந்த நேர்மைக்காக இன்றும் அவரை மதிக்கிறேன்.

இன்னொன்றையும் அவரே சொன்னார். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு நிறைந்த காசு தொல்பொருளாகும். தனியார் எவரும் அதை வெளிநாட்டுக்குக் கொண்டு செல்லலாகாது. 1918ஆம் ஆண்டுக் காசு 2018லேயே அந்த எல்லையைத் தொட்டுவிட்டது. சிங்கப்பூர் செல்லும் பெண்ணுக்குச் சீராக வாங்கும் காசு விமான நிலையத்தைத் தாண்டக் கூடாது! மகனின் முகம் வாடிவிட்டது. திரும்பும் வழியில், "அப்படியானால் வரலாற்றுக்கு விலையே இல்லையா, அப்பா?" என்று கேட்டான். உடனே விடை சொல்ல எனக்கு இயலவில்லை.

அன்றிரவு என் தாயாரின் தகரப்பெட்டியைத் திறந்தேன். அதில் ஒரு சவரன் உண்டு. 1946இல் திருநெல்வேலிச் சீமையில் நடந்த திருமணத்தின்போது என் ஆச்சி, அம்மாவுக்குக் கொடுத்தது. வளையம் பற்றவைத்து, தாலிச்சரட்டில் கோத்து அணிந்திருந்தார். அது மூன்று முறை அடகுக்குப் போய் மூன்று முறையும் மீண்டது. 1953இல் மாட்டுங்காவில் ஓர் அறைக்குப் பகடி கொடுக்க. 1967இல் என்னைக் கல்லூரியில் சேர்க்க. 1974இல் தங்கையின் திருமணத்திற்கு. அந்த நாட்களில் அம்மா சரட்டில் வெறும் மஞ்சள் கிழங்கைக் கட்டிக்கொண்டிருந்தது எனக்கு நினைவிருக்கிறது. 1967ஆம் ஆண்டின் அடகுச் சீட்டு மட்டும் பெட்டியில் இருந்தது: 'வளையம் வைத்த சவரன் ஒன்று' என்றும் அதன் எடையும் குறித்திருந்தார்கள்.

மறுவாரம் அதே முதியவரிடம் அக்காசைக் காட்டினேன். பற்றவைத்த காசைச் சேகரிப்பவர்கள் விரும்பமாட்டார்கள், மன்னரின் முகமும் தேய்ந்துவிட்டது, உருக்கும் விலைதான் கிடைக்கும் என்றார். பின்னர் உருப்பெருக்கியை என்பக்கம் நகர்த்தி, ஆண்டு எண்ணுக்கு மேலே பார்க்கச் சொன்னார். அங்கே, தேய்ந்து மங்கிய 'ஐ'. நாங்கள் அமர்ந்திருந்த கடையிலிருந்து நடந்தே செல்லக்கூடிய தொலைவில் உள்ள நாணயச் சாலையில் பிறந்த காசு அது. நெல்லைக்குப் போய், அம்மாவின் கழுத்தில் ஏறி, பிழைப்புத் தேடி வந்த எங்களுடன் பிறந்த ஊருக்கே திரும்பியிருக்கிறது. எழுபது ஆண்டுகளுக்கு மேலாக வீட்டில் இருந்தும் நாங்கள் ஒருவரும் உற்றுப் பார்க்கவில்லை.

1898இல் புதுக்கோட்டைச் சீமையின் கருக்காக்குறிச்சியில் சுமார் 500 ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. அவற்றுள் பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்தின் குறுக்கே உளிவெட்டு இருக்கிறது. அழகிய காசை நாடுவோர்க்கு அது குறை; வரலாற்றாசிரியர்க்கு அதுவே செய்தி. வேற்று நாட்டு நாணயமாக வந்தது இங்கு வேறொன்றாக ஆனதை அந்த வெட்டு காட்டுகிறது. அம்மாவின் காசில் உள்ள வளையமும் அத்தகையதே. சந்தையில் அதன் மதிப்பைக் குறைப்பது எதுவோ, அதுவே அது எங்கள் வீட்டுக் காசு என்பதற்குச் சான்று.

வரலாறுள்ள காசுக்குக் கூடுதல் விலை கொடுப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. காசோடு பிணைந்த சான்று இருந்து, மீண்டும் விற்கும் எண்ணமின்றி, அக்கலையில் பற்றும் அறிவும் உள்ளவர் தாராளமாகக் கொடுக்கலாம். அருமைக்கும் அளவறிந்து கொடுக்கலாம். ஆனால் சான்றற்ற கதைக்குப் பொன்னின் விலை கொடுக்க வேண்டா. பிறர் வீட்டுப் பழமையை வாங்கி நம் பரம்பரை ஆக்கிக்கொள்ளவும் முடியாது.

நாங்கள் முதியவரின் காசை வாங்கவில்லை. அம்மாவின் காசை இருபுறமும் படமெடுத்தோம். எடை பார்த்தோம், அடகுச் சீட்டில் உள்ளதோடு ஒத்திருந்தது. அது யார் கொடுத்தது, எப்போது அடகு போனது, எதற்காகப் போனது என்று எனக்குத் தெரிந்தவற்றை இரண்டு பக்கங்களில் எழுதிக் கையொப்பமிட்டேன். கேள்விப்பட்டதைக் கேள்விப்பட்டது என்றும், கண்டதைக் கண்டது என்றும் பிரித்தே எழுதினேன்.

திருமணத்தன்று பேத்தியிடம் இரண்டையும் கொடுத்தேன். படித்துவிட்டுக் காசை என் கையில் திருப்பி வைத்தாள். "இது இங்கேயே இருக்கட்டும் தாத்தா. வரும்போதெல்லாம் பார்த்துக்கொள்கிறேன். தாளை மட்டும் எடுத்துப் போகிறேன்" என்றாள். தாளைக் கொண்டுபோக எந்தச் சட்டமும் தடையில்லை.