பஞ்சின் பாரம்

கனமான பொருளைச் சுமப்பவன் தன் தோளின் வலிமையை அறிந்தாற் போதும்; பருமனான பொருளைச் சுமப்பவனோ தான் நுழையவேண்டிய வாயிலின் அகலத்தையும் அறிதல் வேண்டும். யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றில் மெத்தை தைத்து வாழும் முதியவர் ஒருவர் இவ்வுண்மையைக் கற்றது நூல்களிலன்று. 2021ஆம் ஆண்டில் பழைய வான் ஒன்றைத் தேடி அலைந்த இரண்டு மாதங்களிலாகும்.

இலவம்பஞ்சு மெத்தை ஒரு விசித்திரமான சரக்கு. 6 அடி நீளமும் 3 அடி அகலமும் அரை அடித் தடிப்பும் உடைய மெத்தையொன்று 9 கன அடி இடத்தை அடைத்துக்கொள்ளும். 20 மெத்தைகளுக்கு 180 கன அடி வேண்டும். நிறுத்துப் பார்ப்பின், சிறிய பாரவூர்தியொன்று தாங்கும் சுமையிற் பாதியும் வராது. பல ஆண்டுகளாக அவர் வாடகை லான்ட்மாஸ்டரிலேயே அவற்றை அனுப்பிவந்தார். முந்திய மாரியில் ஒருநாள், நடுவழியில் காற்றுத் தறப்பாளைக் கிழித்தது. கலியாண வீடொன்றுக்குச் சென்ற மெத்தைகள் நனைந்து கறைபட்டன. நட்டம் முழுவதையும் அவரே ஏற்றார். மூடிய வாகனமொன்று வேண்டுமென்ற எண்ணம் அன்றே பிறந்தது.

ஆனால், அது வாகனம் வாங்குதற்கு ஏற்ற காலமன்று. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதனால் பழைய வாகனங்களின் விலை நாளுக்கு நாள் ஏறிக்கொண்டிருந்தது. சீட்டுப் பணத்தோடு மனைவியின் காப்புச் சோடியும் சேர்ந்தபோதுதான் ஒருவாறு கணக்குச் சரிவந்தது. தெரிவு தவறினால், மறுபடியும் தேடுவதற்கு ஆயுள் போதாது என்பதை இருவரும் அறிவர்.

தரகர் முதலிற் காட்டியது பளபளக்கும் வான். மெத்தென்ற இருக்கைகள், குளிரூட்டி, புதிய வர்ணம் யாவும் அதிலிருந்தன.

"அண்ணை, குறையிற காசுக்கு லீசிங் போடலாம். இப்பிடி ஒண்டு பிறகு கிடையாது" என்றார் தரகர்.

முதியவர் மறுமொழி கூறாது மடியிலிருந்து கயிறொன்றை எடுத்தார். தாம் தைக்கும் மிகப்பெரிய மெத்தையின் நீளத்திற்கு ஒன்றும் அகலத்திற்கு ஒன்றுமாக அதில் இரண்டு முடிச்சுகள் இருந்தன. பின்கதவைத் திறந்து, சில்லுகளுக்கு மேலே உள்ளே புடைத்து நிற்கும் மேடுகளின் இடைவெளியில் கயிற்றைப் பிடித்தார். 4 அடி முடிச்சு எட்டுமுன்னரே மேடு இடித்தது. குளிரூட்டிக்காகத் தாழ்த்தப்பட்ட கூரையோ அடுக்கும் உயரத்தையும் விழுங்கியிருந்தது. வெளியே பெரிதாகத் தோன்றிய வாகனம் உள்ளே சிறிதாயிற்று. இரண்டாவதாகப் பார்த்த சிறு பாரவூர்தி வலிமையானதே. எனினும் திறந்த பெட்டி மழைக்குத் தடையன்று. தேவைப்படாத வலிமைக்கும் விலை கொடுக்கவேண்டியிருந்தது.

மூன்றாவது வாகனம் டொயோட்டா ஹயஸ். 1989இல் யப்பானில் அறிமுகமாகி, இலங்கையில் 'டொல்பின்' என்று பெயர்பெற்ற வகை. உயர்ந்த கூரை, மங்கிய வர்ணம், ஒரு பக்கத்தில் நெளிவு, பின்னிருக்கைகள் இல்லை. கயிற்றின் இரு முடிச்சுகளும் தடையின்றி உள்ளே சென்றன. அதன்பின்னரே, வாகனத் திருத்தகமொன்றில் வேலைசெய்யும் மருமகன் தன் பரிசோதனையைத் தொடங்கினான். தாங்கள் வரும்வரை இயந்திரத்தை இயக்கவேண்டாமென்று அவன் முன்னரே சொல்லியிருந்தான். சூடேறிய இயந்திரம் தன் நோயை மறைக்குமன்றோ! முன்னிருக்கையைத் தூக்கி, ஒயில் மூடியின் உட்புறத்தில் பால்போன்ற படிவு உண்டா என்று நோக்கினான். இருப்பின் நீர் கலந்திருத்தல் கூடும். இயக்கியபோது நீலப்புகை எழவில்லை. ஆகவே ஒயில் எரியவில்லை எனக் கொண்டான். பின்னர் நிலத்திற் படுத்து அடிச்சட்டத்தைத் தட்டினான். கடற்காற்று வீசும் ஊரில் துருவே முதற்பகை. மேற்றுரு இருந்தது, ஓட்டை இல்லை. பதிவுப் புத்தகத்திலுள்ள அடிச்சட்ட இலக்கம் பொருந்தியது. நிதி நிறுவனமெதனுடைய பெயரும் அதில் இல்லை.

பேரம் முடிந்தபோது தரகர், கூரைமேல் இரும்புத் தட்டொன்று பொருத்தினால் இன்னுமொரு மடங்கு ஏற்றலாமே, பஞ்சுதானே என்றார். முதியவர் சிரித்தார். மயிற்பீலியேயாயினும் அளவின்றி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வலியறிதல் அதிகாரத்திற் கூறிய வள்ளுவரை அவர் பள்ளியிற் படித்தவர். மென்மையும் மிகுந்தால் பாரமாகும். அன்றியும், உயர அடுக்கிய மெத்தை காற்றுக்குப் பாய்மரமாகி, வளைவுகளில் வாகனத்தைச் சாய்த்துவிடும்.

அவ்வாண்டு மாரியில், கொட்டும் மழையிடையே அவர் ஒரு கலியாண வீட்டுக்குச் சென்றார். வீட்டுக்கார அம்மா மெத்தையை அழுத்திப் பார்த்துவிட்டுத் தம் உள்ளங்கையையும் நோக்கினார். கை உலர்ந்திருந்தது.

2022இல் எரிபொருட் தட்டுப்பாடு வந்தபோது, அவ்வான் வாரக்கணக்கில் மாமரத்தடியில் நின்றது. தவணை கட்டவேண்டிய வாகனங்களும் அவ்வாறே நின்றன. அவற்றின் தவணைகள் மட்டும் நிற்கவில்லை. முதியவருக்கோ கட்டுவதற்குத் தவணை இருக்கவில்லை. அவர் திண்ணையிலிருந்து மெத்தை தைத்தார். அடைவிலிருந்த காப்பு மறு வருடம் மீண்டது.

வாகனத்தை அறியப் புறப்படுபவர் பலர். தம் சுமையை அளந்து முடிந்துகொண்டு புறப்படுபவர் சிலரே.